ஆடியில் போடாத கையெழுத்து

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிப் பழக்கமில்லாதவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊருக்குக் கடிதமும், கிட்டங்கியில் எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்ற குறிப்பும்தான். பங்கு, வரி, சேமநிதி என்றெல்லாம் பேச இந்த ஊரில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நான் வாய் திறப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததை என்னைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

குவீன்ஸ்டவுனில் நாங்கள் குடியிருந்த புளோக்கில், ஏழாம் மாடியில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். காலையில் பூப்போட்ட கால்சட்டையும் கையில் சந்தைக் கூடையுமாக லிப்டில் ஏறுவார். கக்கத்தில் சீனப் பத்திரிகை இருக்கும். லிப்ட் கீழே வருவதற்குள் பங்கு விலைகள் போட்டிருக்கும் பக்கத்தைப் பிரித்து, விரலால் ஒரு வரியைத் தேடிப் பிடித்து, என்னைப் பார்த்து மலாயில் "நைக்! நைக்!" என்பார். ஏறிவிட்டதாம். பல்லில்லாத வாயால் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வந்த புதிதில் இது விளங்கவே இல்லை. நம்மூரில் ஒருவர் காலங்காத்தாலே 'ஏறிப்போச்சு' என்றால் துவரம்பருப்பு விலையைச் சொல்கிறார் என்று அர்த்தம். கேட்பவர் முகமும் சேர்ந்து வாடும். இங்கே கீரை வாங்கப் போகிற கிழவிக்கு ஏதோ ஒரு வங்கியின் விலை ஏறியதில் வயிறு நிறைந்துவிடுகிறது. நானும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவேன். என் பேரிலும் அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று வரி உண்டு என்பதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கூச்சம்.

ஆமாம், எனக்கும் பங்குகள் இருந்தன. நான் வேலை பார்த்தது அலெக்சாண்டிரா சாலைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிட்டங்கியில். இயந்திர உதிரி பாகங்கள் கப்பலில் வரும். பிரித்து, அடுக்கி, கேட்கிற தொழிற்சாலைகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சேமநிதி இருந்தது. எங்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடும். அந்தப் பணத்துக்கு வருஷா வருஷம் உள்ளூர்க் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி எங்கள் பேரில் எழுதி வைப்பார்கள். ஓய்வு பெறும்போது நம் கைக்கு வரும். அப்படி என் பேரில் ஒரு வங்கியில் கொஞ்சம், ஒரு கப்பல் பட்டறையில் கொஞ்சம், ஜொகூரில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு கம்பெனியில் கொஞ்சம் இருந்தது. என் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் மலாயாவில் பால் வெட்டியவர். அவர் வெட்டியது வேறு தோட்டம், வேறு முதலாளி. ஆனாலும் அந்த ரப்பர்க் கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் என் பேருக்கு வந்த அன்று, அதன் வழவழப்பான தாளில் வரிசையாக நிற்கும் மரங்களின் படத்தைப் பார்த்தபோது, அப்பா இருந்திருந்தால் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. முதல் வரியில் 'பங்குதாரர்களுக்கு' என்று இருந்தது புரிந்தது. அது நான்தான்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஜூலை மாதம், எங்கள் கம்பெனியை ஓர் உள்ளூர்க் கம்பெனி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வேலை போகாது, சம்பளம் குறையாது. ஆனால் பழைய சேமநிதியை மூடிவிடுவார்கள். கிட்டங்கி ஆட்களையெல்லாம் கூட்டி வெள்ளைக்கார மேலாளர் எதையோ வாசித்தார். யாருக்கும் விளங்கவில்லை. அவர் போனபிறகு, கணக்கு வழக்கெல்லாம் எழுதுகிற தலைமைக் கிராணி கோ எங்களுக்கு விளக்கினார். கோ நல்ல உயரம், வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுகிற மனிதர், முப்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறவர். எங்களிடம் மலாய், ஆங்கிலம், கிட்டங்கியில் பொறுக்கிய தமிழ் எல்லாவற்றையும் கலந்து பேசுவார். நான் தமிழாகவே எழுதுகிறேன். மேசையில் இருந்த கோப்பிக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கிளாஸ்ல இருந்து அந்தக் கிளாஸுக்கு ஊத்தினா வரி இல்லை. நேரா வாயில ஊத்தினா வரி. விளங்குதா?"

விளங்கியது. பழைய நிதியில் இருக்கும் பங்குகளை, விற்காமல், பங்காகவே புதிய கம்பெனியின் நிதிக்கு மாற்றிக்கொண்டால் வரி எதுவும் கிடையாது. ஆனால் ஐம்பத்தைந்து வயது வரை அதைத் தொட முடியாது. வேண்டாம், பணமாகக் கொடு என்றால் விற்றுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கம்பெனி போட்ட பகுதி முழுவதும் அந்த ஒரு வருஷத்துச் சம்பளமாகக் கணக்காகும், அதற்கு வரி கட்ட வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடாதவர்களுக்குத் தானாகவே பணம்தான். ஒவ்வொருவர் கையெழுத்துக்குப் பக்கத்திலும் தொழிலாளர் தரப்பில் கோவும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிதியின் விதி.

வரி கட்ட எனக்கு வருத்தம் கிடையாது. சம்பளத்துக்குச் சின்னதாக வரி கட்டிக்கொண்டுதான் இருந்தேன். கட்டிவிட்டு வெளியே வரும்போது சாலையும் வடிகாலும் கொஞ்சம் என்னுடையவை போல இருக்கும். ஆனால் பொறுத்திருந்தால் கட்ட வேண்டியிராத வரியை அவசரப்பட்டுக் கட்டுவது வேறு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பட்டுக்கோட்டையில் என் அண்ணன். கம்பெனி கை மாறுகிறது என்று நான்தான் கடிதத்தில் எழுதிவிட்டேன். உடனே பதில் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் விலைக்கு வருகிறதாம். 'கைக்கு வருகிற பணத்தை விட்டுவிடாதே. அந்நியன் ஊரில் காகிதத்தை நம்பி உட்காராதே. மூட்டையைக் கட்டிக்கொண்டு வா, இருவரும் சேர்ந்து மில்லை நடத்துவோம்.' அண்ணன் கெட்டவர் இல்லை. கப்பல் டிக்கெட்டுக்கு அண்ணியின் வளையலை அடகு வைத்து என்னை அனுப்பியவர். அதனால்தான் எனக்குப் பயம். பணமாகக் கைக்கு வந்துவிட்டால், அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் சுபாவம் எனக்குத் தெரியும். மில்லில் பணம் போனபிறகு இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் இருவரும் இங்கே படிக்கிறார்கள். ஊருக்குப் போனால் கொசுக்கடிக்கும் ஊறுகாய்க் காரத்துக்கும் அழுகிறவர்கள். எங்கள் முதுமை அந்தப் பங்குகளில்தான் இருந்தது.

என் மனைவி கமலத்துக்கு இதில் இரண்டு பேச்சே இல்லை. அவள் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து, சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். "பங்கு பங்காவே இருக்கட்டுங்க" என்றாள் ஊசியில் நூலைக் கோத்தபடி. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் அடுத்த வாக்கியமும் வந்தது. "ஆனா இப்ப ஆடி பொறந்திடுச்சு. ஆடியில இடம் மாத்தக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

வீடு மாறுவதுதானே கூடாது, பங்கு மாறுவதற்கு என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கே மனசு ஒப்பவில்லை என்பதுதான் உண்மை. கடல் தாண்டி வந்தபிறகும் ஆடியில் புதுச் சட்டைகூட எடுக்காதவன் நான். முதுமைக்கு வைத்த பொருளை ஆடி மாதத்தில் ஒரு வாசல் விட்டு இன்னொரு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவதா? நகைக்கடை கொடுத்த தினசரி நாட்காட்டியில் கமலம் தாள்களைப் புரட்டி, ஆவணியில் ஒரு வியாழக்கிழமையை விரலால் தட்டினாள். ஆகஸ்ட் முடிய அதற்குப் பிறகும் நாள் இருந்தது.

கிட்டங்கியில் கோ என்னை விடவில்லை. என் முழுப் பேரில் கடைசித் துண்டை மட்டும் பிடித்து 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, சைன் பண்ணு லா. சீக்கிரம், சீக்கிரம்."

"அடுத்த மாசம், மிஸ்டர் கோ."

"ஏன் அடுத்த மாசம்? பேனா இல்லையா? என் பேனா தரேன்."

நான் சிரித்துக்கொண்டு நழுவிவிடுவேன். ஆடி என்றால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கழுத்துப்பட்டி கட்டி, வெள்ளைக்காரனோடு சரளமாக ஆங்கிலம் பேசுகிற மனிதர். கேட்டால் சிரிப்பார், கிட்டங்கி முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஏன் இப்படி விரட்டுகிறார் என்பதும் எனக்குப் புரியவில்லை. மாதக் கடைசி வரை நாள் இருக்கும்போது இந்த மனிதருக்கு என்ன கொள்ளை போகிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒருநாள் அவர் என்னை உற்றுப் பார்த்து, "ஓ... உனக்குப் பணம் வேணும். ஊருக்குப் போகணும். அதைச் சொல்ல வெட்கம்" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். நம் தலையாட்டல் இருக்கிறதே, அது அவர்களுக்கு ஆமாம் போலவும் இருக்கும், இல்லை போலவும் இருக்கும். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. கமலம் தட்டிய வியாழக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கோவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "மிஸ்டர் கோ, சைன் பண்ண வந்திருக்கேன்."

கோ என்னைப் பார்த்தார். இழுப்பறையில் கை வைத்தவர், திறக்கவில்லை. "அடுத்த மாசம் லா, சாமி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடுத்த மாசம்னா டைம் முடிஞ்சிடுமே."

"நான் ஜூலையில சொன்னேன். நீ கேட்டியா? இப்போ முடியாது." அவ்வளவுதான். ஏதோ ஒரு ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். அன்று முழுவதும் பெட்டிகளை நான் இறக்கிய வேகத்தில் கூட இருந்தவர்கள் விலகி நின்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் கமலம் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். "கேட்டீங்களா, ஏன் முடியாதுன்னு?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "கப்பல் கப்பலா இரும்பு வருது, அதுக்கெல்லாம் கணக்குக் கேக்கிறீங்க. ஒரு மனுசங்கிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் இல்ல. நான் வந்து கேக்கவா?" வேண்டாம் என்றேன். அவள் வந்து கேட்டுவிடுவாள், அதுதான் பயம். அப்படியும் திங்கள், செவ்வாய் என்று நாள் ஓடியது. ஒவ்வொரு காலையும் கேட்டுவிடுவதாகக் கிளம்பி, கேட்காமலே திரும்பினேன். கடைசி வாரமும் வந்துவிட்டது. அண்ணனுக்கு என்ன பதில் எழுதுவது, பணம் கைக்கு வந்தபிறகு மில்லுக்கு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்து யோசித்து, சரி, ஊருக்கே போய்விடலாம், நம் தலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது போல என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்துவிட்டேன்.

அந்த மத்தியானம்தான் குப்பை அட்டைகளைப் போடக் கிட்டங்கியின் பின்சந்துக்குப் போனேன். அங்கே கோ குந்தியிருந்தார். கழுத்துப்பட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். முன்னால் தரையில் நாலு ஆரஞ்சு, ஒரு கிண்ணம் சோறு, புகைகிற ஊதுபத்திகள். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில், செத்தவர்களுக்கென்றே கடையில் விற்கிற காகிதப் பணத்தை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். சீனர்களின் ஏழாம் மாதம். செத்துப்போனவர்களுக்குப் பசி எடுத்து வெளியே உலாவுகிற மாதம் என்பார்கள். அந்த வருஷம் அது ஆடி முடிவதற்குள்ளேயே தொடங்கியிருந்தது. நிமிர்ந்து என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான் நன்றாக அறிவேன். அது என் முகம். ஜூலை முழுவதும் நான் அவருக்குக் காட்டிய முகம்.

இனி பேசாவிட்டால் எப்போதும் பேசமாட்டேன் என்று தோன்றியது. நானும் குந்தினேன்.

"மிஸ்டர் கோ, இந்த மாசம் நீங்க புதுசா எதுவும் பண்ணமாட்டீங்களா?"

அவர் தகரத்தில் இன்னொரு தாளைப் போட்டார். "வீடு மாறமாட்டோம். கல்யாணம் பண்ணமாட்டோம். என் அம்மா இருந்தா கையெழுத்தும் போடவிடமாட்டா" என்றார். "அதுக்குத்தான் ஜூலையில சீக்கிரம், சீக்கிரம்னு சொன்னேன். இந்த மாசம் வரதுக்கு முன்னால எல்லாருடையதையும் முடிச்சேன். உன்னுடையது ஒண்ணுதான் பாக்கி."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? வெள்ளைக்காரன் காதுல விழுந்தா சிரிப்பான். நீயும் சிரிப்பேன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுகையும் வந்திருக்கும், விட்டால். என் ஆடியைச் சொன்னேன். ஜூலை நடுவில் பிறக்கும், ஆகஸ்ட் நடுவில் முடியும், அது அம்மனுடைய மாதம், அதில் எங்கள் வீட்டுக் காரியம் எதையும் தொடங்கமாட்டோம், இடம் மாறமாட்டோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றுதான். கோ வாயைப் பிளந்து கேட்டார்.

"உங்களுக்கும் பேய் மாசமா?"

"பேய் இல்லை. சாமி மாசம்."

"ஐயோ!" என்று தமிழிலேயே சொன்னார். "நீ உன் மாசம் முடியட்டும்னு நிக்கிறே. அதுக்குள்ள என் மாசம் வந்திடுச்சு. நடுவுல வரிக்காரன் நிக்கிறான். அவனுக்கு எந்த மாசமும் இல்லை லா!" தகரத்தில் மிச்சமிருந்த காகிதத்தையும் போட்டுவிட்டு யோசித்தார். "அப்போ உனக்குப் பணம் வேண்டாம்? ஊருக்குப் போகலையா?"

"போவேன், வருவேன்."

"ஐம்பத்தஞ்சு வயசுக்கு அப்புறம்?"

"அப்பவும் போவேன், வருவேன்."

அவர் எழுந்து கால்சட்டையை இறக்கிவிட்டு, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "வா. இது உன்னுடைய காகிதம். உன் மாசம் முடிஞ்சுபோச்சு. நான் பக்கத்துல பேர் எழுதறவன், அவ்வளவுதான். என் பேய்களுக்கு உன் முழுப் பேரை வாசிக்கத் தெரியாது. வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும்."

மேலே அவர் மேசைக்குப் போனோம். முதலில் நான் கையெழுத்துப் போட்டேன், தமிழில். அப்படிப் போடலாமா என்று எப்போதும் தயங்குகிறவன், அன்று கேட்காமலே போட்டேன். கோ பேனாவை எடுத்து, கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, என் பேருக்குப் பக்கத்தில் தன் பேரைச் சீனத்தில் போட்டார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், கீழே இரண்டு பேரும் அவரவர் எழுத்தில் நின்றோம். ஒரு காசு வரியில்லாமல் என் வங்கியும், கப்பல் பட்டறையும், ரப்பர் மரங்களும் அப்படியே இடம் மாறின. இதைப் படிக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். அதில் ஒரு வெள்ளிகூடக் கைக்கு வராமலே அன்று நான் நிமிர்ந்து நடந்தேன். என்னுடையதை நானே கேட்டு வாங்கிக்கொண்ட முதல் நாள் அது.

சாயங்காலம் நேராகச் சிராங்கூன் சாலைக்குப் போனேன். கமலத்துக்கு மல்லிகைப் பூ வாங்கினேன். பிறகு, ஊருக்குப் பணம் அனுப்புகிற கடையில் வரிசையில் நின்றேன். அண்ணனுக்கு வழக்கமாக அனுப்புகிற பணம்தான். அந்த மாதம் கொஞ்சம் கூட்டி. மில் வேண்டாம், நான் இங்கேதான் இருக்கப்போகிறேன், மாதா மாதம் அனுப்புவதில் குறை வைக்கமாட்டேன் என்று எழுதிய கடிதமும் பையில் இருந்தது. கடைக்கு எதிரே சந்தில் ஒரு சீனக் குடும்பம் தகரத்தில் காகிதப் பணம் எரித்துக்கொண்டிருந்தது. சாம்பல் கறுப்புத் துணுக்குகளாக எழும்பி, எங்கள் வரிசையின் மேல் வந்து இறங்கியது. யாரும் தட்டிவிடவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத தங்கள் மனிதர்களுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் இந்த ஊர் வெள்ளி நோட்டுகளைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் மனிதர்களுக்கு அனுப்ப நிற்கிறோம். என் முகம் கடையின் பக்கம், முதுகில் அந்த நெருப்பின் சூடு. இரண்டுக்கும் நடுவில், என் முறை வரும்வரை நின்றேன்.

மறுநாள் கோ வேலைக்கு வரவில்லை. பல்வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். சீனத்தில் போட்ட பேரை வாசிக்க அவருடைய பேய்களுக்கு நேரமாகாதே.